உங்கள் விடைத்தாளை நீங்கள் பார்க்கலாம்

கல்லூரித் தேர்வில் எழுதிய விடைத்தாளை, திருத்தி முடித்த பிறகு நகலாகக் கேட்டு வாங்க மாணவருக்கு உரிமை உண்டு. சேர்க்கையின்போது கொடுத்த அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது. மாணவரின் சாதி, ஆதார் எண், குடும்ப வருமானம், மருத்துவ விவரம் இவற்றை ஊரறியப் பரப்பவும் உரிமை கிடையாது. இந்த மூன்றையும் ஒரே சட்டத்தில் எழுதி வைத்திருந்தால் முதலாமாண்டு முதல் நாளிலேயே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் 1974-இல் மாணவர் பதிவுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் இவை தகவல் பெறும் உரிமைச் சட்டத்திலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும், 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றன. சிதறிக் கிடப்பதாலேயே பிள்ளைகள் அலுவலக ஜன்னலில் கேட்டுவிட்டு, “அதெல்லாம் தரமாட்டோம்” என்ற ஒரு வார்த்தையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வார்த்தை பல நேரங்களில் சட்டப்படி தவறானது.

விடைத்தாளிலிருந்து தொடங்குவோம். மாணவருக்கு மிகத் தெளிவாக வென்று தரப்பட்ட உரிமை அதுதான்.

1984-இல் மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், விடைத்தாளை மாணவர் பார்க்கக்கூடாது என்ற வாரிய விதி செல்லும் என்று சொல்லியிருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்வு நடத்துகிறவர்கள் அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தார்கள். 2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. மேற்கு வங்கத்தில் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவர் 2008-ஆம் ஆண்டு சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார். மதிப்பெண் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தன் விடைத்தாளைக் கேட்டார். வாரியம் மறுத்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாரியம் உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று வந்த தீர்ப்பு, திருத்தப்பட்ட விடைத்தாள் சட்டத்தின் பார்வையில் ‘தகவல்’தான், எழுதியவர் அதைப் பார்வையிடவும் சான்றளித்த நகல் பெறவும் உரிமை உள்ளவர் என்று உறுதி செய்தது. திருத்தியவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் பெயரும் கையொப்பமும் மறைக்கப்படலாம். அவருடைய பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது. நியாயமானதுதான்.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. விடைத்தாளைப் பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீடு கேட்கும் உரிமை வேறு. தகவல் சட்டத்தைக் காட்டி நகல் வாங்கலாமே தவிர மறுமதிப்பீட்டைக் கோர முடியாது. அது பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. அடுத்ததைப் பலர் தவற விடுகிறார்கள். விடைத்தாளைப் பல்கலைக்கழகம் எத்தனை மாதம் வைத்திருக்கும் என்று ஒரு விதி இருக்கும். அந்தக் காலம் முடிந்து தாள்கள் அழிக்கப்பட்டபின் கேட்டுப் பயனில்லை. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே முடிவெடுங்கள்.

விடைத்தாளைப் பார்ப்பது வெறும் ஆறுதலுக்கான உரிமை என்று நினைப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பருவத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பின் 3,02,380 மாணவர்கள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். 73,733 பேர் தோல்வியிலிருந்து தேர்ச்சிக்கு வந்தார்கள். 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது. அந்த மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தபோதுதான் இந்த எண்கள் நாளிதழ்களில் வந்தன. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மூடிய அறைக்குள் மதிப்பெண் மாறும்போது, நேர்மையாகத் தேறிய பிள்ளையும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. நேர்மையாகத் திருத்திய ஆசிரியரும் ஆளாகிறார். தாளை எழுதியவர் கையில் கொடுத்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

எந்தக் கதவைத் தட்டுவது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மற்ற மாவட்டங்களைவிடச் சிக்கலானது. காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த இந்த மாவட்டத்தில் இந்தியாவில் உள்ள கல்லூரி வகைகள் அநேகமாக அனைத்தும் இருக்கின்றன. செங்கல்பட்டு நகரிலேயே 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி. கடற்கரைப் பக்கம் போனால் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. புதுப்பாக்கத்தில் இன்னொரு அரசு சட்டக் கல்லூரி. மேலக்கோட்டையூரில் மாநில அரசின் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமும் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும். தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பழைய கல்லூரி. காட்டாங்குளத்தூர், வண்டலூர், படூர், கேளம்பாக்கம் பக்கங்களில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். களவாக்கத்தில் தனியார் பல்கலைக்கழகம். ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வரிசையாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள். ஒரே பேருந்தில் ஏறும் நாலு பிள்ளைகள் நாலு வகைக் கல்லூரி வாசலில் இறங்குகிறார்கள். வாசல் மாறினால் சட்டத்தின் பாதையும் மாறுகிறது.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம், மத்திய நிறுவனம் என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். அங்கே பொதுத் தகவல் அலுவலர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு 2019 செப்டம்பரில் வந்த டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கின் தீர்ப்பு துணை நிற்கிறது. அரசுப் பணத்தால் கணிசமாக நடத்தப்படும் நிறுவனம், அது தனியாரின் சங்கமாக இருந்தாலும், பொது அதிகார அமைப்புதான் என்றது உச்ச நீதிமன்றம்.

சுயநிதிக் கல்லூரிக்கு மனு போட்டால் “நாங்கள் தனியார்” என்று பதில் வரும். அதற்காக மனம் தளர வேண்டாம். அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள் அங்கேதான் இருக்கிறது. மனு அங்கே போகவேண்டும். தனியார் அமைப்பிடமிருந்து வேறொரு சட்டத்தின்கீழ் ஒரு பொது அமைப்பு பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’ என்கிறது சட்டத்தின் 2(f) பிரிவு. அதனால் கல்லூரியிடம் மட்டுமே உள்ள பதிவைக்கூடப் பல்கலைக்கழகம் வழியாகக் கேட்க முடியும். தன்னாட்சிக் கல்லூரிகளில் நிலைமை வேறு: தேர்வை நடத்துவது கல்லூரியே என்பதால் தாள் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கும். முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்தான் கடினமான இடம். மத்திய அரசின் அறிவிக்கையால் அந்தத் தகுதியைப் பெற்றவை என்பதால் அவையும் சட்டத்துக்குள் வரும் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. நிறுவனங்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே படிப்பவர்கள் நிறுவனத்தின் சொந்தத் தேர்வு விதிகளையும், கீழே சொல்லப்போகும் மாணவர் குறைதீர் குழுவையும் முதலில் பயன்படுத்துவதே காலத்தை மிச்சப்படுத்தும் என்பது என் எண்ணம்.

மனு எழுதுவது கடினமான வேலை இல்லை. வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். “பொதுத் தகவல் அலுவலர்” என்று விளித்து, பெயர், பதிவு எண், தேர்வு மாதம், பாடக் குறியீடு எழுதி, “மேற்கண்ட தேர்வில் நான் எழுதிய, திருத்தப்பட்ட விடைத்தாளின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்படி வழங்கக் கோருகிறேன்” என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்கக்கூடாது என்று 6(2) பிரிவு அலுவலரைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை, அதாவது எல்லோரும் சொல்கிற கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் தாளைத்தான் கேட்கிறீர்கள் என்பதைக் காட்டக் கல்லூரி அடையாள அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றை இணையுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பல்கலைக்கழகமே விடைத்தாள் நகலுக்கென்று பாடத்துக்கு இவ்வளவு ரூபாய் எனத் தனிக் கட்டணம் வைத்திருக்குமே, அதைக் கட்டாமல் தகவல் சட்டத்தில் கேட்கலாமா? கேட்கலாம். கம்பெனி செயலர்கள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டு பாதையையும் மாணவருக்கே விட்டது: நிறுவன விதியின்படி கேட்டால் நிறுவனக் கட்டணம், தகவல் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம். ஆனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. மறுமதிப்பீடு வேண்டும் என்றால் பல்கலைக்கழக வழியில்தான் போகவேண்டும், அதற்குக் கெடு சில நாள்தான். தகவல் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகலாம்; அதற்குள் கெடு முடிந்துவிடும். அரியர் தாளில் இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தவறியவர் பணத்தைப் பார்க்காமல் பல்கலைக்கழக வழியில் நகல் வாங்குவதே நல்லது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு: மாநில நிறுவனம் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பூட்டி வைத்த அசல்

இந்த மாவட்டத்தின் கடற்கரையில் கோவளம், கொக்கிலமேடு போன்ற மீனவர் ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு விடைத்தாளைவிடப் பெரிய கவலை, கல்லூரி வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்தான். ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு கலந்தாய்வில் வேறு நல்ல இடம் கிடைக்கும். டி.சி.யையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் திருப்பிக் கேட்டால், “நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொள்” என்பார்கள். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர்கள் என்றால் அந்த இடமே கைவிட்டுப் போகும்.

இது விதிமீறல். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது: சேர்க்கையின்போது அசலைச் சரிபார்க்கலாம்; சரிபார்த்த உடனே மாணவரிடமே திருப்பித் தரவேண்டும்; கல்லூரி சான்றொப்பமிட்ட நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். படிப்பை விட்டு விலகுகிறவருக்குக் கட்டணம் திருப்புவதற்கும் அதில் படிநிலை உண்டு. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக எழுதிக் கொடுத்தால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகை. அதற்குப் பிந்தி, ஆனால் கடைசி நாளுக்கு முன் என்றால் 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிந்தைய ஆண்டுகளில் குழு தனித்தனியாகவும் கட்டணம் திருப்பும் கொள்கைகளை அறிவித்திருக்கிறது என்பதால் நீங்கள் சேரும் ஆண்டின் சுற்றறிக்கையையும் பாருங்கள்.

நீதிமன்றமும் இதே திசையில்தான் இருக்கிறது. ஒப்பந்தப் பணிக் காலத்தைக் காரணம் காட்டி மருத்துவர்களின் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்கில், கல்விச் சான்றிதழ் விலைபேசும் சரக்கு அல்ல, பாக்கிக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கு உண்மையிலேயே பணம் வரவேண்டியிருந்தால் அதை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு. ஒரு பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைப் பிணையாக வைப்பது அந்த வழிகளில் ஒன்றல்ல.

எங்கே முறையிடுவது? 2023 ஏப்ரலில் வந்த மானியக் குழுவின் மாணவர் குறைதீர் ஒழுங்குமுறை விதிகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் ஒரு மாணவர் குறைதீர் குழு இருக்கவேண்டும் என்கின்றன. நிகர்நிலை, தனியார் எல்லாம் இதில் அடக்கம். தொடர விரும்பாத படிப்புக்குக் கட்டணம் கட்ட வைப்பதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பது, அந்த விதிகளிலேயே ‘குறை’ என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைத் தரவேண்டும். நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முன்னாள் துணைவேந்தராகவோ, ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். பொறியியல் போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2019-இல் இதேபோன்ற தனி விதிகளை வகுத்திருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கல்வி ஒரு ‘சேவை’யா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருப்பதால் அந்த வழியை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன்.

கூடுமானவரை டிஜிலாக்கரில் உங்கள் மதிப்பெண் பட்டியல்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளின்படி அங்கே வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீடுகளோடு சான்றிதழ்களும் மூழ்கின. மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கடற்கரையில் யாருக்கும் மறக்காது. புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் ஊரில் காகிதத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. தொலைந்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதிவு செய்யலாம்.

மற்றவர் கண்ணுக்கு

இதுவரை சொன்னது உங்கள் ஆவணம் உங்களுக்குக் கிடைப்பது பற்றி. அதே ஆவணம் மற்றவருக்குக் கிடைக்காமல் இருப்பது உரிமையின் மறு பாதி. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைகிறவர் அந்த உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி இன்று சேர்ந்திருக்கும் விவரங்களை எண்ணிப் பாருங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன், ஆதிதிராவிடர் மற்றும் பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகைகள், முதல் பட்டதாரிச் சலுகை இவற்றுக்கெல்லாம் ‘உமிஸ்’ எனும் தமிழக உயர்கல்வித் தகவல் தொகுப்பில் பதிவு வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, சாதி, வருமானம் எல்லாம் அதில் போகும். கல்லூரி அலுவலகத்தில் இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்து இதைப் பதிவேற்றுவார்கள். நல்ல நோக்கத்துக்கான பதிவு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் பல வீடுகளில் பெரிய தொகை. ஆனால் பதிவேற்ற வசதியாக அந்த எக்செல் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு “அவரவர் விவரத்தைச் சரிபாருங்கள்” என்று சொல்வது பெருந்தவறு. அறுபது பேரின் ஆதாரும் சாதியும் அறுபது கைப்பேசிக்குப் போய்விடுகின்றன. திரும்ப எடுக்க முடியாது.

சாதி விவரத்தில் நம் மாநிலத்துக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இடம்பெறக்கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பறையில் அறிவிக்காமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லவேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. அவை பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கல்லூரிகள் தாமாகவே அவற்றைக் கடைப்பிடிக்க என்ன தடை? அறிவிப்புப் பலகையில் உதவித்தொகைப் பட்டியலைச் சாதிவாரியாக ஒட்டும் வழக்கத்தை நாளைக் காலையே நிறுத்திவிடலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஆதார் பற்றிக் குழப்பம் அதிகம். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பின் சாரம் இது: அரசு நிதியிலிருந்து வரும் உதவிக்கு ஆதார் கேட்கலாம், தேர்வெழுதவோ சேரவோ அதைக் கட்டாயமாக்க முடியாது. ஆக, புதுமைப்பெண் தொகைக்கு ஆதார் கொடுக்க வேண்டியிருக்கும். நூலக அட்டைக்கும் விடுதி மெஸ்ஸுக்கும் தேவையில்லை. ஜெராக்ஸ் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். பட்டச் சான்றிதழிலும் தற்காலிகச் சான்றிதழிலும் ஆதார் எண்ணை அச்சிடக்கூடாது என்று 2023 செப்டம்பரில் மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது.

விவரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு மிக வேதனையாகப் பார்த்தது 2024 டிசம்பரில். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் அடையாளம் இருந்த முதல் தகவல் அறிக்கை வெளியே பரவியது. டிசம்பர் 28 அன்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம், அந்தக் கசிவுக்காக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. புகார் கொடுத்தவரின் பெயரைக் காப்பது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கும் கடமை. மனநல ஆலோசகரிடம் பேசியதும் அப்படித்தான். 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பு தருகிறது. துறைத் தலைவர் கேட்டார் என்பதற்காக எடுத்துக் கொடுக்கும் கோப்பு அல்ல அது.

பெற்றோருக்கு மதிப்பெண்ணும் வருகையும் அனுப்பலாமா? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற அப்பாவுக்கும், வங்கிக் கடனில் கூடக் கையெழுத்திட்ட அம்மாவுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருப்பது இயல்பு. முதலில் சொன்ன அமெரிக்கச் சட்டம் கல்லூரியில் சேர்ந்ததுமே உரிமையைப் பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாற்றிவிடுகிறது. பிள்ளை வருமான வரிக் கணக்கில் சார்ந்திருப்பவர் என்றால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம். அங்கே மகனைப் படிக்க அனுப்பிய நம்மவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு ஏமாந்து போவது இதனால்தான். இங்கே வெளிப்படையான விதி இல்லை. பதினெட்டு நிறைந்த மாணவரிடம் சேர்க்கையிலேயே ஒரு ஒப்புதல் படிவம் வாங்கி, எதையெல்லாம் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம் என்று அவரே குறிக்கச் செய்வது நேர்மையான வழி. தேறாத தாள் ஒன்றை அப்பாவிடம் தானே சொல்ல ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைப்பதில் கல்லூரிக்கு எந்த நட்டமும் இல்லை.

புதிய சட்டம்

எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பெரும்பாலான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். அதன்பின், ஒப்புதல் பெற்று உங்கள் தரவை வைத்திருக்கும் கல்லூரியிடம், அது தனியாராக இருந்தாலும், “என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்” என்று கேட்கலாம். தவறைத் திருத்தச் சொல்லலாம். பாதுகாப்பில் அலட்சியம் காட்டிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் இருக்கும். தகவல் சட்டம் எளிதில் எட்டாத சுயநிதி, நிகர்நிலை நிறுவன மாணவர்களுக்கு இது பெரிய திறப்பு. ஐரோப்பாவில் இதே வழியில்தான் விடைத்தாள் கிடைத்தது: அயர்லாந்தில் கணக்காயர் தேர்வில் தவறிய பீட்டர் நோவாக் தொடுத்த வழக்கில், விடைத்தாளும் அதன்மேல் திருத்துபவர் எழுதிய குறிப்பும் மாணவரின் தனிநபர் தரவே என்று 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே சட்டம் ஒரு கதவை மூடியும் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் முன்பு, பொதுநலன் பெரிதாக இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்ற வாசகம் இருந்தது. 2025 நவம்பரிலிருந்து அந்த வாசகம் இல்லை. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று பிரிவு சுருங்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதைத்தான் இனி பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் எனக்கு உடன்பாடானதல்ல. போலிப் பெயர்களில் உதவித்தொகை எடுக்கப்பட்டதா, நியமனத்தில் முறைகேடு நடந்ததா என்று கேட்பவர்களுக்கு ‘தனிநபர் தகவல்’ என்ற ஒற்றைப் பதில் இனி எளிதாகக் கிடைக்கும். அடுத்தவர் மதிப்பெண்ணைப் பார்க்க அனுமதிக்க நீதிமன்றங்கள் ஏற்கெனவே தயங்கின. பிரதமரின் பட்டம் தொடர்பாக டெல்லி பல்கலைக்கழகத்தின் 1978 பி.ஏ. பதிவேட்டைக் காட்டச் சொன்ன தகவல் ஆணைய உத்தரவை 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ரத்து செய்ததும் இந்தத் தயக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஆனால் உங்கள் தகவலை உங்களிடமே மறைக்க இந்தத் திருத்தத்தைக் காட்ட முடியாது. தனிநபர் தகவலைக் காப்பது அந்த நபருக்காக. நீங்கள் எழுதிய தாளைக் கேட்டு, “தனிநபர் தகவல், தர இயலாது” என்று பதில் வந்தால், 2011 தீர்ப்பைக் குறிப்பிட்டு உடனே மேல்முறையீடு செய்யுங்கள்.

இந்த ஆண்டு கல்லூரியில் சேரப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களோடு வரிசையில் நிற்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அசல் எதையாவது அலுவலகத்தில் கொடுக்க நேர்ந்தால், என்னென்ன கொடுத்தீர்கள், என்று திரும்பக் கிடைக்கும் என்று எழுதி, கல்லூரி முத்திரையோடு ஒரு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள்.